தூண்டா விளக்குகள்: கதிரியக்க வெப்பத்தில் இயங்கும் மின்னாக்கிகள்

சுமார் 150 கிராம் எடையுள்ள புளுட்டோனியம்-238 ஆக்சைடு வில்லை ஒன்று, யாரும் பற்றவைக்காமலே 60 வாட்டுக்குச் சற்று மேல் வெப்பத்தை இடைவிடாமல் வெளியிடும். வெப்பம் தப்பிப் போகாதபடி மூடிவைத்தால் வில்லை செக்கச்செவேலென்று ஒளிரத் தொடங்கும். அதற்குக் காற்று வேண்டாம், சூரிய ஒளி வேண்டாம், மனிதர் யாரும் பக்கத்தில் இருக்கவும் வேண்டாம். இந்த வெப்பத்தை மின்சாரமாக மாற்றித் தரும் கருவிதான் கதிரியக்க வெப்பமின்னாக்கி. விண்வெளித் துறையில் ஆர்டிஜி என்ற சுருக்கப் பெயரே புழக்கத்தில் இருக்கிறது. கோயிலில் திரியைத் தூண்டாமலே எரியும் தூண்டா விளக்கைப் போல, ஒருமுறை வைத்துவிட்டால் பல பத்தாண்டுகள் தானாகவே வேலை செய்யும் கருவி இது. சனிக் கோளைச் சுற்றிவந்த காசினி, புளூட்டோவைக் கடந்துபோன நியூ ஹொரைசன்ஸ், செவ்வாயில் ஊர்ந்துகொண்டிருக்கும் கியூரியாசிட்டி ஆகிய மூன்றுக்கும் மின்சாரம் தந்தது இதுவே. ஆர்க்டிக் கரையோரக் கலங்கரை விளக்கங்களிலும், நந்தாதேவி மலைச்சரிவில் தொலைந்துபோன உளவுக் கருவியிலும் இருந்ததும் இதுவே.

வெப்பம் எங்கிருந்து வருகிறது? கதிரியக்கத் தனிமத்தின் அணுக்கரு நிலையில்லாதது. புளுட்டோனியம்-238 அணு ஒன்று சிதையும்போது ஆல்ஃபா துகள் ஒன்றை மிகுந்த வேகத்தில் உமிழ்ந்துவிட்டு யுரேனியம்-234 ஆக மாறுகிறது. அந்தத் துகளால் நெடுந்தூரம் போக முடியாது. சுற்றியிருக்கும் அணுக்களில் மோதி மோதி, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தூரத்துக்குள்ளாகவே நின்றுவிடும். அதன் வேகம் முழுவதும் அந்த வில்லைக்குள்ளேயே வெப்பமாக மாறிவிடுகிறது. ஒரு கிராம் புளுட்டோனியத்தில் எண்ணிலடங்கா அணுக்கள் இருப்பதால், ஒவ்வொரு விநாடியும் கோடானுகோடி அணுக்கள் சிதைகின்றன. வெப்பம் ஒரே சீராக வந்துகொண்டிருக்கிறது.

இந்தச் சிதைவை விரைவுபடுத்தவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. சூடாக்கினாலும் குளிர்வித்தாலும், அமிலத்தில் கரைத்தாலும், கடலடியில் போட்டாலும் அது தன் போக்கிலேயே நடக்கும். புளுட்டோனியம்-238இன் அரை ஆயுள் 87.7 ஆண்டுகள். அதாவது இன்றுள்ள அணுக்களில் பாதி அந்தக் காலத்துக்குள் சிதைந்திருக்கும். வெப்பமும் பாதியாகக் குறைந்திருக்கும். ஆர்டிஜியின் பெருமை, அதன் ஆபத்து இரண்டுக்கும் வேர் இந்த ஓர் இயல்புதான்: அதற்கு நிறுத்தும் விசை கிடையாது. கீழே வரும் வெற்றிகளும் விபத்துகளும் எல்லாமே அதன் விளைவுகள்.

இதை அணு உலையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. உலையில் நியூட்ரான்கள் அணுக்கருவைப் பிளக்கின்றன. பிளவு அடுத்த பிளவைத் தூண்டித் தொடர்வினையாகப் பெருகுகிறது. கட்டுப்படுத்தும் தண்டுகளால் அதை ஏற்றலாம், இறக்கலாம், அணைக்கலாம். ஆர்டிஜியில் தொடர்வினையே இல்லை. ஆகவே அது அணுகுண்டுபோல் வெடிக்கவும் வாய்ப்பில்லை. ஆயுதத்துக்குப் பயன்படும் புளுட்டோனியம்-239 வேறு ஐசோடோப்பு. 1978 ஜனவரியில் கனடாவின் வடபகுதியில் சிதறி விழுந்த சோவியத் செயற்கைக்கோள் காஸ்மாஸ்-954 சுமந்துசென்றது உண்மையான அணு உலை. அந்த நிகழ்வை ஆர்டிஜி விபத்துகளின் பட்டியலில் சேர்த்துப் பேசுவது தவறு.

வெப்பத்தை மின்சாரமாக்கும் வழி அணு அறிவியலைவிட மூத்தது. வெவ்வேறு உலோகங்களின் இரு கம்பிகளை இணைத்து, ஒரு சந்திப்பைச் சூடாகவும் மற்றதைக் குளிராகவும் வைத்தால் ஒரு மின்விளைவு தோன்றுகிறது என்பதை ஜெர்மானிய இயற்பியலாளர் தாமஸ் யோஹான் சீபெக் 1821இல் கண்டார். ஆர்டிஜிக்குள் கம்பிகளுக்குப் பதிலாகக் குறைகடத்தித் துண்டுகள் இருக்கின்றன. காரீயமும் டெல்லூரியமும் சேர்ந்த பொருள் ஒரு வகை. அதைவிட அதிகச் சூட்டைத் தாங்கும் சிலிக்கான்-ஜெர்மானியம் கலவை இன்னொரு வகை. இந்தத் துண்டுகளின் உட்புற முனை புளுட்டோனியத்தின் சூட்டில் இருக்கும். வெளிப்புற முனை கருவியின் உலோகச் சிறகுகளோடு இணைந்து, விண்வெளியின் குளிருக்கு வெப்பத்தைக் கொட்டிக்கொண்டிருக்கும். இரண்டு முனைகளுக்கும் இடையிலுள்ள வெப்பநிலை வேறுபாடு இருக்கும்வரை மின்சாரம் பாயும்.

திறன் என்று பார்த்தால் இது மிகவும் குறைவு. நூறு பங்கு வெப்பத்தில் ஆறேழு பங்குதான் மின்சாரமாகிறது. கியூரியாசிட்டியில் உள்ள ஆர்டிஜி 4.8 கிலோ புளுட்டோனியம் ஆக்சைடிலிருந்து ஏறத்தாழ 2,000 வாட் வெப்பத்தை எடுத்து, தொடக்கத்தில் 110 வாட் மின்சாரம் தந்தது. வீட்டுக் கூரையில் ஓடும் இரண்டு மின்விசிறிகளுக்குக்கூட அது சரியாகப் போதாது. ஆயினும் பொறியாளர்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக இதையே விரும்பித் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், இதற்குள் சுழலும் உறுப்பு, தேயும் உறுப்பு, எண்ணெய் போட வேண்டிய உறுப்பு என்று ஒன்றுமே இல்லை என்பதுதான். கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் பழுது பார்க்க ஆளில்லாத இடத்தில், திறனைவிட நம்பகமே பெரிது.

எல்லாக் கதிரியக்கப் பொருளும் இந்த வேலைக்குத் தகுந்ததல்ல. அரை ஆயுள் மிகக் குறைவாக இருந்தால் பயணம் முடியுமுன் வெப்பம் தீர்ந்துவிடும். மிக நீளமாக இருந்தால் வெப்பம் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். பொலோனியம்-210 ஒரு கிராமுக்கு சுமார் 140 வாட் வெப்பம் தரும், ஆனால் அதன் அரை ஆயுள் 138 நாள்தான். சந்திர இரவில் கருவிகள் உறையாமல் காக்க, 1970இல் இறங்கிய சோவியத் ஊர்தி லூனகோத்-1 அதைப் பயன்படுத்தியது. சில மாதப் பயணத்துக்கு அது போதுமானதாக இருந்தது. ஸ்ட்ரான்சியம்-90 அணு உலைக் கழிவிலிருந்து தாராளமாகவும் மலிவாகவும் கிடைக்கும். அரை ஆயுள் ஏறத்தாழ 29 ஆண்டுகள். ஆனால் அது உமிழும் பீட்டா துகள்கள் சுற்றியுள்ள பொருளில் மோதும்போது ஊடுருவும் எக்ஸ் கதிர்கள் எழுகின்றன. அவற்றைத் தடுக்க நூற்றுக்கணக்கான கிலோ கனமான கவசம் வேண்டும். தரையில் அது பொருட்டல்ல; ராக்கெட்டில் ஏற்றுவதற்கு அது கட்டுப்படியாகாது. புளுட்டோனியம்-238 உமிழும் ஆல்ஃபா துகளையோ ஒரு தாள் தடுத்துவிடும். போதுமான வெப்பம், போதுமான ஆயுள், இலேசான கவசம் மூன்றும் ஒருசேர அமைந்ததால் விண்வெளிக்கு அதுவே நிலைத்தது.

இந்தக் கருவியை முதலில் உருவாக்கியவர்கள் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் இருந்த மவுண்ட் ஆய்வகத்தின் கென் ஜோர்டன், ஜான் பர்டன் ஆகிய இருவர், ஆண்டு 1954. 1959 ஜனவரியில் அதிபர் ஐசனோவரின் மேசைமீதே சிறிய ஆர்டிஜி ஒன்றை வைத்துக் காட்டினார்கள். இரண்டரை ஆண்டுகளுக்குள், 1961 ஜூன் 29 அன்று, டிரான்சிட்-4ஏ என்ற கடற்படை வழிகாட்டிச் செயற்கைக்கோளில் ஓர் ஆர்டிஜி முதன்முறையாக விண்வெளிக்குச் சென்றது. அது தந்த மின்சாரம் 2.7 வாட்.

மூன்றாவது ஆண்டிலேயே விபத்து வந்தது. 1964 ஏப்ரலில் ஏவப்பட்ட டிரான்சிட் வரிசைச் செயற்கைக்கோள் ஒன்று சுற்றுப்பாதையை எட்டாமல் இந்தியப் பெருங்கடல் பகுதிக்கு மேலே வளிமண்டலத்தில் திரும்ப நுழைந்து எரிந்தது. அதிலிருந்த ஏறத்தாழ ஒரு கிலோ புளுட்டோனியம்-238 நுண்தூளாகி உயரக் காற்றில் கலந்து, சில ஆண்டுகளில் உலகம் முழுவதும் படிந்தது. இது எதிர்பாராத கோளாறு அன்று. விபத்து நேர்ந்தால் எரிபொருள் உயரத்திலேயே எரிந்து பரவி நீர்த்துப்போக வேண்டும் என்பதுதான் அந்தக் கருவியின் வடிவமைப்புக் கொள்கையாகவே இருந்தது. எல்லாரும் மூச்சாக இழுக்கும் காற்றைக் கழிவுத் தொட்டியாகக் கருதிய அந்தக் கொள்கை நியாயப்படுத்த முடியாதது. விபத்துக்குப் பிறகு அது கைவிடப்பட்டு, நேரெதிரான கொள்கை வந்தது: என்ன நேர்ந்தாலும் எரிபொருள் சிதறாமல் முழுதாகத் தரை வந்து சேர வேண்டும்.

இன்றைய அமைப்பு அந்தக் கொள்கையிலிருந்து வளர்ந்தது. புளுட்டோனியம் உலோகமாக இல்லாமல், உடைந்தாலும் நுண்தூளாகாமல் பெரிய சில்லுகளாகப் பிரியும் பீங்கான் போன்ற ஆக்சைடு வில்லையாகச் செய்யப்படுகிறது. ஒவ்வொரு வில்லைக்கும் இரிடியம் உலோக உறை உண்டு. அதற்குமேல் மோதலைத் தாங்கும் கிராஃபைட் கூடு. அதற்கும் மேல், வளிமண்டலத்தில் நுழையும்போது எழும் கடும் சூட்டைத் தாங்கும் கார்பன் இழைப் பேழை. நான்கு வில்லைகள் சேர்ந்தது ஒரு பெட்டகம். ஒரு பெட்டகத்தின் வெப்பம் சுமார் 250 வாட். கியூரியாசிட்டியில் எட்டுப் பெட்டகங்கள் உள்ளன. இந்த அக்கறைக்குக் காரணம் உண்டு. உடலுக்கு வெளியே இருக்கும் புளுட்டோனியம்-238 பெரிய தீங்கு செய்யாது. நுண்தூளாகி நுரையீரலுக்குள் போய்விட்டால், தாளைத் தாண்ட முடியாத அதே ஆல்ஃபா துகள் உயிருள்ள திசுவை நேரடியாகத் தாக்கும்.

புதிய கொள்கை விரைவிலேயே சோதனைக்கு வந்தது. 1968 மே மாதம் கலிஃபோர்னியாவிலிருந்து கிளம்பிய நிம்பஸ் வானிலைச் செயற்கைக்கோளின் ராக்கெட்டை வழிதவறியதால் அழிக்க வேண்டியிருந்தது. அதன் ஆர்டிஜி எரிபொருள் கடலடியில் முழுதாகக் கிடந்தது. எடுத்துவந்து அடுத்த ஆண்டு நிம்பஸ்-3இல் பயன்படுத்தினார்கள். 1970 ஏப்ரலில் அப்போலோ-13 குழுவினர் உயிர் தப்பித் திரும்பியபோது, சந்திரனில் விட்டுவர வேண்டிய புளுட்டோனியமும் அவர்களுடைய இறங்குகலத்தோடு பூமிக்கே வந்துவிட்டது. சுமார் 3.8 கிலோ எரிபொருள் உள்ள அந்தக் கலன் பசிபிக் பெருங்கடலின் டோங்கா அகழியில் ஆறு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கிறது. காற்றிலும் நீரிலும் எடுத்த மாதிரிகளில் கசிவுக்கான தடயம் காணப்படவில்லை.

சந்திரனில் இந்தக் கருவியின் தேவை கண்கூடாகத் தெரிந்தது. அங்கே ஓர் இரவு என்பது பூமியின் இரண்டு வாரம். அப்போலோ-11 விட்டுவந்த நிலநடுக்கமானி சூரியத் தகடுகளை நம்பியிருந்ததால் சுமார் மூன்று வாரத்தில் ஓய்ந்தது. 1969 நவம்பரில் அப்போலோ-12 முதன்முறையாக ஆர்டிஜியைக் கொண்டுசென்றது. எரிபொருள் தண்டை அதன் உறையிலிருந்து உருவ ஆலன் பீன் முயன்றபோது அது சிக்கிக்கொண்டது. பீட் கான்ராட் உறையைச் சுத்தியலால் தட்டித் தட்டி அதை விடுவித்தார். ஏறத்தாழ 70 வாட் தந்த அந்த மின்னாக்கியும் அதைத் தொடர்ந்து அப்போலோ-14 முதல் 17 வரை வைத்துவந்த நான்கும் பல ஆண்டுகள் இயங்கின. 1977 செப்டம்பரில் அறிவியல் கருவிகளை நிறுத்தியது நாசாதான். மின்னாக்கிகள் அப்போதும் வேலை செய்துகொண்டிருந்தன.

அதே 1977இல் கிளம்பியவை வாயேஜர் என்ற இரட்டை விண்கலங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று ஆர்டிஜிகள். மூன்றும் சேர்ந்து தொடக்கத்தில் தந்தது சுமார் 470 வாட். வியாழன், சனி இரண்டையும் பார்த்துவிட்டு வாயேஜர்-2 மட்டும் யுரேனஸ், நெப்டியூன் வரை போனது. 2012 ஆகஸ்டில் வாயேஜர்-1, 2018 நவம்பரில் வாயேஜர்-2 என்று இரண்டுமே சூரியக் காற்றின் எல்லையைத் தாண்டி விண்மீன்களுக்கு இடையிலான வெளிக்குள் புகுந்தன. புளுட்டோனியத்தின் சிதைவை மட்டும் கணக்கிட்டால் இந்த அரை நூற்றாண்டில் மூன்றில் இரண்டு பங்கு வெப்பம் மிஞ்சியிருக்க வேண்டும். கிடைக்கும் மின்சாரமோ அதைவிடக் குறைந்து ஏறத்தாழ பாதிக்கு வந்துவிட்டது. நீண்டகாலச் சூட்டில் குறைகடத்தித் துண்டுகளும் மெல்ல மெல்லத் தேய்ந்துபோவதே இதற்குக் காரணம். ஆண்டுக்குச் சுமார் 4 வாட் இழப்பு.

அதனால் அந்தக் கலங்களின் பொறியாளர்கள் பல ஆண்டுகளாக வாட் வாட்டாகக் கணக்குப் பார்த்துக் குடித்தனம் நடத்துகிறார்கள். முதலில் படக்கருவிகள், பிறகு சூடேற்றிகள், பிறகு அறிவியல் கருவிகள் என்று ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். 2023இல் வாயேஜர்-2இன் மின்னழுத்தச் சீராக்கிக்கென ஒதுக்கிவைத்திருந்த சேமிப்பையும் எடுத்துப் பயன்படுத்தினார்கள். 2024இல் அதன் பிளாஸ்மா கருவி நின்றது. 2025 பிப்ரவரியில் வாயேஜர்-1இன் அண்டக்கதிர்க் கருவி நின்றது. சூடேற்றி இல்லாமல் போனால் செத்துவிடும் என்று கணித்திருந்த சில கருவிகள், வடிவமைத்த வரம்புக்கும் கீழான குளிரில் தொடர்ந்து வேலை செய்திருக்கின்றன. மனிதன் செய்து அனுப்பிய பொருள்களில் மிகத் தொலைவில் உள்ளதோடு இன்றும் பேச முடிகிறது என்றால், அதற்கு மூலம் 1977இல் அடைத்துவைத்த புளுட்டோனியம். அறிவியல் வரலாற்றில் இதற்கு ஈடான முதலீடு அரிது.

சூரிய ஒளி எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்பது எளிய கணக்கு. தொலைவு இரண்டு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகும். வியாழனுக்கு எட்டுவது பூமியில் விழும் ஒளியில் ஏறத்தாழ 27இல் ஒரு பங்கு. சனிக்கு 90இல் ஒரு பங்கு. சூரியத் தகடுகள் மேம்பட்டதால் வியாழன்வரை இப்போது அவற்றால் சமாளிக்க முடிகிறது. 2011இல் சென்ற ஜூனோ விண்கலத்தின் மூன்று பெருந்தகடுகள் பூமியருகே சுமார் 14,000 வாட் தரக்கூடியவை. வியாழனில் கிடைப்பது 500 வாட் அளவே. 2024இல் கிளம்பிய யுரோப்பா கிளிப்பரும் சூரியத் தகடுகளையே விரித்துச் செல்கிறது. சனியிலும் அதற்கு அப்பாலும் அந்த வழி இதுவரை திறக்கவில்லை.

அருகிலேயே இருந்தாலும் நிழலும் தூசியும் சூரியத் தகட்டை முடக்கிவிடும். 2014 நவம்பரில் 67பி என்ற வால்விண்மீனில் இறங்கிய ஐரோப்பாவின் ஃபீலே, குதித்துக் குதித்து ஒரு பாறையின் நிழலில் போய் ஒதுங்கியது. மின்கலத்தில் இருந்தது மூன்று நாளுக்குள் தீர்ந்துபோனது. 2018இல் செவ்வாய் முழுவதையும் மூடிய புழுதிப் புயலில் ஆப்பர்சூனிட்டி ஊர்தி மௌனமானது. அதே புயலில் கியூரியாசிட்டி தன் வேலையை விடாமல் செய்தது. அதன் ஆர்டிஜி வெளியேற்றும் வெப்பத்தையும் வீணாக்குவதில்லை. குழாய்களில் ஓடும் திரவம் அந்தச் சூட்டை ஊர்தியின் உடலுக்குள் கொண்டுபோய்க் கருவிகளை உறையாமல் வைத்திருக்கிறது. 2021இல் இறங்கிய பெர்சிவரன்சும் இதே அமைப்பையே கொண்டது.

மின்சாரமே எடுக்காமல் வெப்பத்துக்காக மட்டும் புளுட்டோனியத்தைப் பயன்படுத்துவதும் உண்டு. ஒரு சிறிய உறைக்குள் 2.7 கிராம் ஆக்சைடு. அது தரும் வெப்பம் ஒரு வாட். சூரியத் தகட்டை நம்பியிருந்த ஆப்பர்சூனிட்டியிலும் இப்படி எட்டுச் சிறு சூடேற்றிகள் இருந்தன. இவை சிறியவை என்பதால் அதிகம் பேசப்படுவதில்லை. கோளாய்வில் இவற்றின் பங்கோ பெரிது.

பூமியில் இந்தக் கருவியின் கதை வேறு விதமானது. கனடாவின் வடகோடியில் ஆக்ஸல் ஹைபெர்க் தீவின் தானியங்கி வானிலை நிலையத்தில் 1961இல் ஸ்ட்ரான்சியம்-90 ஆர்டிஜி வைக்கப்பட்டது. 1964இல் மேரிலாந்தின் செசபீக் விரிகுடாவில் பால்டிமோர் கலங்கரை விளக்கத்தை ஓராண்டுக்கு ஆர்டிஜியால் எரியவைத்துப் பார்த்தார்கள். அமெரிக்கா சில இடங்களோடு நின்றுகொண்டது. சோவியத் ஒன்றியம் அப்படி நிற்கவில்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளும் ஆர்க்டிக் கரையில் மின்கம்பி கிடையாது, சாலை கிடையாது, குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியனும் கிடையாது. அந்தக் கரையோரக் கலங்கரை விளக்கங்களுக்கும் வானொலிக் குறிவிளக்குகளுக்கும் ஏறத்தாழ ஆயிரம் ஆர்டிஜிகள் செய்யப்பட்டன. பரவலாக இருந்த பீட்டா-எம் வகையின் எடை 560 கிலோ; தந்த மின்சாரம் 10 வாட்.

1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததும் இவற்றுக்குப் பொறுப்பானவர் யார் என்பதே தெளிவில்லாமல் போயிற்று. வேலியும் காவலும் இல்லாத கரையோரங்களில் கருவிகள் துருப்பிடித்தன. பழைய இரும்புக்கும் காரீயத்துக்கும் ஆசைப்பட்ட திருடர்கள் கவசத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு, உள்ளேயிருந்த ஸ்ட்ரான்சியத்தைக் கரையிலோ ஆழமற்ற கடலிலோ எறிந்துவிட்டுப் போன நிகழ்வுகள் பலமுறை நடந்தன.

இவற்றில் மிகக் கொடியது ஜார்ஜியா நாட்டில் நடந்தது. அங்கே மலைப்பகுதியில் வானொலித் தொடர்புக்காக வைத்திருந்த ஆர்டிஜிகளை எப்போதோ யாரோ பிரித்துப் போட்டுவிட்டார்கள். 2001 டிசம்பர் 2 அன்று லியா என்ற ஊரைச் சேர்ந்த மூவர் விறகு வெட்டக் காட்டுக்குள் போனார்கள். பனி மூடிய பாதையில் ஓரிடத்தில் மட்டும் பனி உருகித் தரை தெரிந்தது. நடுவே சூடான இரண்டு உலோக உருளைகள். எச்சரிக்கைக் குறி எதுவும் அவற்றில் இல்லை. கடுங்குளிரில் இரவைக் கழிக்க வேண்டியிருந்த அவர்கள் அந்த உருளைகளை எடுத்துவந்து முதுகுக்குப் பின்னால் வைத்துக் குளிர் காய்ந்தார்கள். சில மணி நேரத்துக்குள் வாந்தியும் மயக்கமும் தொடங்கின. ஒவ்வொரு உருளையிலும் சுமார் 35,000 கியூரி ஸ்ட்ரான்சியம்-90 இருந்தது. முதுகுத் தோலும் தசையும் வெந்து அழுகின. பல மாதம் நீண்ட சிகிச்சைக்குப் பிறகும் ஒருவர் 2004 மே மாதம் இறந்தார்.

2002 பிப்ரவரியில் பன்னாட்டு அணுசக்தி முகமையின் வழிகாட்டுதலில் ஜார்ஜியப் பணியாளர்கள் அந்த உருளைகளை மீட்டார்கள். ஒருவர் சுமார் 40 விநாடிக்கு மேல் அருகில் நிற்கக் கூடாது என்று கணக்கிட்டு, முறை வைத்து ஒவ்வொருவராக ஓடிப்போய் ஓடிவந்து, காரீயப் பேழைக்குள் அவற்றை அடைத்தார்கள். ரஷ்யக் கரையில் இருந்தவற்றை நார்வே, அமெரிக்கா போன்ற நாடுகளின் பண உதவியோடு ஒவ்வொன்றாக அகற்றிச் சூரியத் தகடுகளையும் மின்கலங்களையும் பொருத்தினார்கள். அந்த வேலைக்கு ஏறத்தாழ இரண்டு பத்தாண்டுகள் பிடித்தன. லியாவில் நடந்ததற்குத் தொழில்நுட்பம் காரணமன்று. முப்பது ஆண்டுக்கு ஒருமுறைதான் பாதியாகும் ஆபத்தை வைத்துவிட்டு, பத்தாண்டுக்குமேல் அதைப் பார்த்துக்கொள்ள யாரையும் ஏற்பாடு செய்யாமல் விட்டதே காரணம்.

இந்தியாவுக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. 1964 அக்டோபரில் சீனா லோப்நூரில் முதல் அணுச்சோதனை நடத்தியது. அடுத்து அங்கே நடக்கும் ஏவுகணைச் சோதனைகளை ஒட்டுக்கேட்க, 7,816 மீட்டர் உயரமான நந்தாதேவி உச்சியில் ஒரு கருவியை வைக்க அமெரிக்காவின் சிஐஏவும் இந்திய உளவுத்துறையும் கூட்டாகத் திட்டமிட்டன. மின்சாரத்துக்குப் புளுட்டோனியம்-238 ஆர்டிஜி. 1965 இலையுதிர்காலத்தில் கேப்டன் மோகன் சிங் கோலி தலைமையில் ஏறிய குழு, உச்சிக்குக் கீழே கடைசி முகாமை எட்டியபோது பனிப்புயலில் சிக்கியது. ஆட்களின் உயிரைக் காப்பாற்ற வேண்டி, கருவியை அங்கேயே பாறையோடு கட்டிவிட்டு இறங்கினார்கள். 1966இல் திரும்பிப் போனபோது அந்த இடத்தையே பனிச்சரிவு அடித்துப்போயிருந்தது. தொடர்ந்து தேடியும் கிடைக்கவில்லை. 1967இல் அருகிலுள்ள நந்தாகோட் மலையில் வேறொரு கருவியை வைத்து ஒட்டுக்கேட்பு வேலையை முடித்துக்கொண்டார்கள்.

பதின்மூன்று ஆண்டு காத்த இரகசியம் 1978இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றின் வழியே வெளிவந்தது. பிரதமர் மொரார்ஜி தேசாய் நாடாளுமன்றத்தில் அதை ஒப்புக்கொண்டு, அறிவியலாளர் குழு ஒன்றையும் அமைத்தார். நந்தாதேவியின் பனியாறுகள் ரிஷிகங்கைக்கும், அதன்வழியே அலக்நந்தாவுக்கும், இறுதியில் கங்கைக்கும் நீர் தருபவை. நீரில் கதிரியக்கக் கலப்பு காணப்படவில்லை. 2021 பிப்ரவரியில் சமோலியில் பெருவெள்ளம் வந்தபோது, தொலைந்த கருவியின் சூடுதான் காரணம் என்று அப்பகுதி ஊர்களில் பேச்சு எழுந்தது. ரோண்டி சிகரத்திலிருந்து பெரும் பாறையும் பனியும் பெயர்ந்து விழுந்ததே வெள்ளத்துக்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் பின்னர் நிறுவினார்கள். அந்த ஊர்களின் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது. அவர்கள் தலைக்கு மேலே என்ன வைக்கப்பட்டது என்பதைப் பதின்மூன்று ஆண்டுகள் அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

மனித உடலுக்குள்ளும் இந்தத் தொழில்நுட்பம் சிறிது காலம் இருந்தது. 1970இல் பாரீசில் ஒரு நோயாளிக்குப் புளுட்டோனியத்தால் இயங்கும் இதயத் துடிப்புச் சீராக்கி பொருத்தப்பட்டது. அதுவரை இருந்த மின்கலங்களை இரண்டொரு ஆண்டுக்கு ஒருமுறை அறுவை செய்து மாற்ற வேண்டியிருந்ததால் இது பெரிய நிம்மதியாகத் தெரிந்தது. நெடுநாள் உழைக்கும் லித்தியம் மின்கலங்கள் வந்ததும் தேவை மறைந்தது.

விண்வெளித் திட்டங்களுக்கு இன்றுள்ள பெரிய தடை புளுட்டோனியம்-238 கிடைக்காததுதான். அது இயற்கையில் எடுக்கக்கூடிய பொருளன்று. நெப்டூனியம்-237ஐ அணு உலைக்குள் வைத்து நியூட்ரான்களால் தாக்கிச் சிறுகச் சிறுக உண்டாக்க வேண்டும். பிறகு கடினமான வேதியியல் முறைகளால் பிரித்தெடுக்க வேண்டும். ஆயுதத் தொழிற்சாலைகளோடு ஒட்டி நடந்த இந்த உற்பத்தியை அமெரிக்கா 1988இல் நிறுத்திவிட்டது. அதன்பின் சில காலம் ரஷ்யாவிடம் வாங்கியது. இருப்பு கரைந்துகொண்டே வந்த பிறகு, 2015இல் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் மீண்டும் 50 கிராம் உண்டாக்கியது. ஆண்டுக்கு ஒன்றரை கிலோ என்பது இலக்கு. காசினி ஒன்றே சுமார் 33 கிலோ சுமந்துசென்றது என்பதை நினைத்தால் இந்த இலக்கின் சிறுமை விளங்கும். சனியின் துணைக்கோளான டைட்டனில் பறக்கவிருக்கும் டிராகன்ஃபிளை, 2028இல் கிளம்பும் என்று திட்டமிடப்பட்டிருக்கிறது. மங்கலான ஆரஞ்சு நிற மேகமூட்டத்துக்குள் இறங்கவேண்டிய அதற்கு ஆர்டிஜியைத் தவிர வேறு வழியில்லை.

குறைந்த எரிபொருளில் அதிக மின்சாரம் எடுக்க, குறைகடத்திக்குப் பதிலாக ஸ்டெர்லிங் இயந்திரத்தைப் பூட்டும் முயற்சியும் நடந்தது. அதன் திறன் ஏறத்தாழ நான்கு மடங்கு. ஆனால் உள்ளே அசையும் உந்துதண்டு இருக்கிறது. பணப் பற்றாக்குறையால் 2013இல் நாசா அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. ஐரோப்பா வேறு பாதையில் போகிறது. பிரிட்டனில் பல பத்தாண்டுகளாகச் சேமித்துவைத்திருக்கும் உலைப் புளுட்டோனியத்துக்குள் அமெரிசியம்-241 தானாகவே உருவாகிக்கொண்டிருக்கிறது. புதிதாக உலையில் செய்யத் தேவையில்லை. அரை ஆயுள் 432 ஆண்டுகள். கிராமுக்குக் கிடைக்கும் வெப்பம் புளுட்டோனியம்-238இல் ஐந்தில் ஒரு பங்கு என்பதால் எடை கூடும். பிரிட்டனின் தேசிய அணு ஆய்வகமும் லெஸ்டர் பல்கலைக்கழகமும் 2019இல் அமெரிசிய வெப்பத்தைக் கொண்டு ஒரு சிறு விளக்கை எரியவைத்துக் காட்டின.

சீனாவின் சாங்கே-3 2013இல் கதிரியக்கச் சூடேற்றிகளோடு சந்திரனில் இறங்கியது. 2019 ஜனவரியில் சந்திரனின் மறுபக்கத்தில் இறங்கிய சாங்கே-4, இரவின் குளிர் மைனஸ் 190 டிகிரி செல்சியஸ்வரை போவதை அங்கிருந்தே அளந்து சொன்னது. 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கிய சந்திரயான்-3இன் விக்ரம் கலத்திலும் பிரக்யான் ஊர்தியிலும் அத்தகைய சூடேற்றி கிடையாது. ஒரு சந்திரப் பகலுக்கென்று திட்டமிட்ட வேலையை அவை முழுமையாக முடித்தன. செப்டம்பர் தொடக்கத்தில் உறங்கவைத்த பிறகு, மீண்டும் பொழுது விடிந்தபோது எழவில்லை. அதே பயணத்தில் சந்திரனைச் சுற்றிய உந்துகலத்தில், பாபா அணு ஆய்வு மையம் உருவாக்கிய ஒரு வாட் சூடேற்றிகள் இரண்டு சோதனைக்காக வைக்கப்பட்டிருந்த செய்தியை இந்திய அணுசக்தித் துறை பின்னர் வெளியிட்டது. இந்தியக் கலம் ஒன்று சந்திர இரவைத் தாண்டி விழிக்க வேண்டுமானால், அந்தச் சூடேற்றிகள் உந்துகலத்திலிருந்து தரையிறங்கும் கலத்துக்கு இடம்பெயர வேண்டும்.